மேற்குச் சுவர்க் கண்ணாடிக்கு எது சரி: தெர்மோகுரோமிக், எலெக்ட்ரோகுரோமிக், பிடிஎல்சி?

கோட்டுச்சட்டம்:
ஒரு வாசிப்புக் கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரத்தில் 8 பலகங்கள், மொத்தம் 28.8 சதுர மீட்டர். சுவருக்கு வெளியே எதையும் நீட்ட அனுமதி இல்லை. சன்ஷேடும் லூவரும் போட முடியாது. பகல் வெளிச்சம் வேண்டும், வெளியே பார்க்கவும் முடிய வேண்டும், பிற்பகல் வெக்கை மட்டும் உள்ளே வரக் கூடாது. மூன்று வழிகளைப் பரிசீலிக்கிறோம்: வனேடியம் டைஆக்சைடு பூசிய, சூடேறினால் தன்மை மாறும் தெர்மோகுரோமிக் கண்ணாடி, மின்சாரத்தால் நிறம் மாறும் எலெக்ட்ரோகுரோமிக் இரட்டைக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியில் பிடிஎல்சி ஃபிலிம் (மின்சாரம் தந்தால் தெளியும் திரவப் படிகப் படலம்) ஒட்டுவது. எதைத் தேர்ந்தெடுக்கலாம், சப்ளையரிடம் என்னென்ன எண்களைக் கேட்க வேண்டும், பொருத்தும்போது எங்கே பிசகும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெப்பக்கணக்கு:
பொருளைப் பற்றிப் பேசுமுன் சுமையைக் கணக்குப் போட்டுவிடுவோம். தெளிவான நாளில், பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் நேராக அடிக்கும்போது சதுர மீட்டருக்கு 650 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28.8 சதுர மீட்டருக்கு 18,720 வாட். இதை எஸ்எச்ஜிசியால் (விழும் சூரிய ஆற்றலில் வெப்பமாக உள்ளே வரும் பங்கு) பெருக்கினால் உள்ளே வரும் வெப்பம் கிடைக்கும்.

6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, எஸ்எச்ஜிசி 0.82: சுமார் 15.4 கிலோவாட். குளிர்சாதனக் கணக்கில் 4.4 டன்.
மூன்று வெள்ளி அடுக்கு கொண்ட லோ-இ (வெப்பக் கதிரைக் குறைவாக உமிழும் பூச்சு) இரட்டைக் கண்ணாடி, எஸ்எச்ஜிசி 0.27: சுமார் 5.1 கிலோவாட், 1.4 டன்.
முழுக்கக் கறுத்த எலெக்ட்ரோகுரோமிக், எஸ்எச்ஜிசி 0.09: சுமார் 1.7 கிலோவாட், அரை டன்னுக்குக் கொஞ்சம் கீழே.

முதல் 10 கிலோவாட்டை, நிறமே மாறாத, மின்சாரமே கேட்காத ஒரு பூச்சு தடுத்துவிடுகிறது. ஸ்மார்ட் கண்ணாடி அதற்கு மேல் தருவது 3.4 கிலோவாட். விற்பவர்களின் பட்டியலில் ஒப்பீடு எப்போதும் ஒற்றைச் சாதாரணக் கண்ணாடியோடுதான் இருக்கும். நீங்கள் நல்ல லோ-இ கண்ணாடியோடு ஒப்பிடுங்கள்.

எஸ்எச்ஜிசி என்பது நேரே ஊடுருவும் கதிர் மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி உறிஞ்சிய வெப்பத்தில் உள்பக்கம் இறங்கும் பங்கும் அதில் சேரும். ஒற்றைக் கண்ணாடியில் அது கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். ‘ஊடுருவல் 20 சதவீதம்தான்’ என்று ஒருவர் காட்டினால், மீதி 80 எங்கே போகிறது என்று கேளுங்கள். திருப்பி அனுப்புவதும் உறிஞ்சுவதும் ஒன்றல்ல.

கோட்டுச்சட்டம்:
அப்படியானால் லோ-இ ஒன்றே போதுமா? ஸ்மார்ட் கண்ணாடிக்கு வேலையே இல்லையா?

வெப்பக்கணக்கு:
இருக்கிறது. ஆனால் முதல் காரணம் வெப்பம் அல்ல, கண்கூச்சம். நீங்கள் கேட்டது வாசிப்புக் கூடம். மூன்று வெள்ளி லோ-இ கண்ணாடியில் விஎல்டி (கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊடுருவல்) 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மேற்கில் தாழ்ந்த சூரியன் அதன் வழியே நேராக மேசைமேல் விழும். படிப்பவர் எழுந்து திரையை இழுத்துவிடுவார். சூரியன் மறைந்த பின்பும் அதைத் திறக்க யாரும் எழ மாட்டார்கள். பகல் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடி, மூடிய திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகளில் முடியும். சூரிய வட்டத்தை நேரே பார்க்கும் இடத்தில் கூச்சம் அடங்க ஊடுருவல் 1 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். உங்கள் மூன்று வழிகளில் எலெக்ட்ரோகுரோமிக் ஒன்றுதான் வெளிக்காட்சியை மறைக்காமல் அங்கே இறங்கும்.

மென்படலம்:
வனேடியம் டைஆக்சைடு பற்றி நான் சொல்கிறேன். பெல் ஆய்வகத்தில் மோரின் 1959இல் இதன் நிலைமாற்றத்தைக் கண்டறிந்தார். 68 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது குறைகடத்தி, படிக அமைப்பு மோனோகிளினிக். மேலே போனால் ரூட்டைல் அமைப்புக்கு மாறி உலோகத்தைப் போல நடந்துகொள்ளும். விடுபட்ட எலெக்ட்ரான்கள் அண்மை அகச்சிவப்பைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மாற்றம் மிகக் குறைவு. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பில் இருப்பதால் யோசனை அருமையானது. மின்கம்பியும் வேண்டாம், கன்ட்ரோலரும் வேண்டாம்.

சிக்கல் மூன்று இடத்தில் வருகிறது.

68 டிகிரி என்பது ஜன்னலுக்கு மிக அதிகம். டங்ஸ்டன் கலந்தால் ஒவ்வொரு அணு சதவீதத்துக்கும் 20 முதல் 25 டிகிரி இறங்கும். 1.5 சதவீதம் கலந்து 35 டிகிரிக்கு அருகில் கொண்டுவரலாம். ஆனால் கலக்கக் கலக்க இரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடே தேய்ந்துபோகும்.

அடுத்து ஒளி. 50 முதல் 100 நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைப் படலத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊடுருவல் 40 சதவீதம் அளவில் நிற்கும்; சூரிய ஊடுருவலில் கிடைக்கும் மாற்றம் 10 புள்ளிகளுக்கும் கீழே. படலத்தைத் தடிமனாக்கினால் கூடம் இருளும், மெலிதாக்கினால் மாற்றம் குறையும். நீல ஒளியை இது விழுங்குவதால் பழுப்பு மஞ்சள் சாயலும் போகாது. படலத்துக்குப் பதில் நானோ துகள்களைப் பாலிமரில் பரப்பினால் இரண்டும் மேம்படும். துகள் சில பத்து நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பெரிதானால் கண்ணாடி மங்கும்.

மூன்றாவது ஆயுள். வனேடியம் இந்த நிலையிலேயே நிற்க விரும்பாது. காற்றும் ஈரமும் பட்டால் பென்டாக்சைடு ஆகிவிடும், மாறும் குணம் போய்விடும். சிலிகா அல்லது அலுமினா உறை அவசியம்.

இன்னொன்று: இந்தப் பூச்சுக்குத் தெரிவது கண்ணாடியின் சூடு மட்டும், அறையின் சூடு அல்ல. வெயிலில் நிற்கும் உறிஞ்சும் கண்ணாடி காற்றைவிட 20, 30 டிகிரி கூடுதலாகச் சுடும். அதனால் மாற்ற வெப்பநிலை 40 டிகிரி இருந்தாலும் போதும். 25 வேண்டும் என்று விரட்டத் தேவையில்லை. மிகவும் தாழ்த்தினால், வெயில் வேண்டிய குளிர்காலத்திலும் அது மாறித் தொலைக்கும்.

கேட்க வேண்டிய எண்கள்: குளிர், சூடு இரு நிலைகளிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஊடுருவல், முழு சூரிய ஊடுருவல், சூடேறும்போதும் ஆறும்போதும் மாறும் வெப்பநிலைகள், இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரத்துக்குப் பின் இதே எண்கள். கடைசி வரி இல்லாத அறிக்கையை வாங்கி வைக்க வேண்டாம்.

முகப்புக்காரர்:
மென்படலம் சார் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. தெர்மோகுரோமிக் என்ற பெயரில் சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு ஃபிலிமும் விற்கிறார்கள். அது அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும், ஆனால் மாறாது. துண்டு மாதிரி வாங்கி, முதலில் அறை வெப்பநிலையில் அளந்து, பிறகு மாற்ற வெப்பநிலைக்கு 15 டிகிரி மேலே சூடாக்கி அளந்து பாருங்கள். எண் அசையவில்லை என்றால் அது சாதாரண ஃபிலிம்.

அளக்கும் கருவியிலும் கவனம். கையடக்க மீட்டர்கள் பல 950 நானோமீட்டரில் மட்டும் அளந்துவிட்டு ‘அகச்சிவப்புத் தடுப்பு 99 சதவீதம்’ என்று காட்டும். அந்த ஒரே அலைநீளத்தில் தடுத்து மற்ற இடத்தில் விட்டுவிடும் ஃபிலிமும் அதில் தேறிவிடும். 300 முதல் 2500 நானோமீட்டர் வரை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் எடுத்த வரைபடமும், அதிலிருந்து ஐஎஸ்ஓ 9050 முறையில் கணக்கிட்ட மதிப்பும் கேளுங்கள்.

பிடிஎல்சி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பாலிமருக்குள் திரவப் படிகத் துளிகள். மின்சாரம் இல்லாதபோது ஒளி சிதறிப் பால் வெள்ளையாகத் தெரியும், 50 முதல் 65 வோல்ட் மாறுமின்னோட்டம் தந்தால் தெளியும். சிதறும் ஒளியில் பெரும்பகுதி முன்னோக்கியே, அதாவது அறைக்குள்ளேயே போகிறது. எஸ்எச்ஜிசி சில புள்ளிகள்தான் மாறும். தெளிவாக வைத்திருக்கும் நேரமெல்லாம் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 வாட் செலவு. இது அந்தரங்கத்துக்கான பொருள், வெப்பத்துக்கானது அல்ல. வேறெங்காவது ஒட்டுவதாக இருந்தால் ஓரத்தை நியூட்ரல் கியூர் சிலிகானால் மட்டும் அடைத்துவிடுங்கள். புளித்த வாடை அடிக்கும் அசிட்டிக் வகை, ஓரத்தில் உள்ள கடத்திப் பூச்சையும் பஸ்பாரையும் (பூச்சுக்கு மின்சாரம் தரும் ஓரப் பட்டை) அரித்து, விளிம்பிலிருந்து உள்ளே பரவும் இறந்த பட்டையை உண்டாக்கும்.

எஸ்பிடி, அதாவது மின்சாரத்தில் நுண்துகள்கள் திசை திரும்பும் ஃபிலிம், ஒரு படி மேல். சில விநாடியில் கறுக்கும், காட்சியும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்பைத் தடுக்காது. பின்னால் லோ-இ கட்டாயம்.

பனிச்சாரல்:
ஹைட்ரோஜெல் (தண்ணீர் நிறைந்த ஜெல்) ஜன்னல் பற்றி யாரும் பேசவில்லையே? 32 டிகிரியில் தானாகவே வெளுத்துவிடுகிறது, சூரிய ஊடுருவலில் மாற்றமும் வனேடியத்தைவிடப் பல மடங்கு. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளும் இருக்கிறது.

மென்படலம்:
நல்ல கேள்வி. பாலி-என்-ஐசோபுரோப்பில்அக்ரிலமைடு 32 டிகிரிக்கு அருகில் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டுகொள்ளும், ஒளி சிதறும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்துத் தடுப்பதால்தான் எண் பெரிதாக இருக்கிறது. அதற்கு விலை, சூடான நேரம் முழுவதும் வெளிக்காட்சி போய்விடும். இவர்களுக்குக் காட்சி வேண்டும்.

கட்டமைப்புச் சிக்கல் அதைவிடப் பெரிது. 2.4 மீட்டர் உயரத்துக்குத் திரவமாக நிரப்பினால் அடிவிளிம்பில் அழுத்தம் 2.4 × 9.8, ஏறத்தாழ 23.5 கிலோபாஸ்கல். முகப்புக் கண்ணாடிக்கு நாம் வழக்கமாகக் கணக்கிடும் காற்றழுத்தம் ஒன்றிரண்டு கிலோபாஸ்கல். கீழ்ப்பகுதி உப்பி, சீலண்ட் இழுபட்டு, மேலே ஜெல் மெலிந்துவிடும். குறுக்கிணைத்த ஜெல்லாக ஒட்டவைத்தால் பாரம் இறங்காது, ஆனால் திரும்பத் திரும்பச் சுருங்கும்போது கண்ணாடியிலிருந்து பிரியும். உறைபனி வரும் இடம் என்றால் இன்னொரு தலைவலி. சின்ன பலகங்களுக்கும் கூரைத் திறப்புகளுக்கும் பொருந்தலாம்.

தெர்மோகுரோமிக் பெரோவ்ஸ்கைட் ஈரத்தை உள்வாங்கியும் வெளிவிட்டும் நிறம் மாறுகிறது. ஈயம் இருக்கிறது, எத்தனை சுழற்சி தாங்கும் என்பதில் இன்னும் ஜன்னல் தரத்துக்கு வரவில்லை. நூலகத்துக்கு இப்போது வேண்டாம்.

ரிலே:
எலெக்ட்ரோகுரோமிக்ல கம்பி வேலை செய்றவங்களுக்குத் தெரிய வேண்டியதை எழுதிடுறேன் அண்ணே.

அடுக்கு இப்படி: கண்ணாடி, ஒளி புகும் கடத்தி, டங்ஸ்டன் ஆக்சைடு, லித்தியம் அயனி கடத்தி, நிக்கல் ஆக்சைடு, மறுபடி கடத்தி. சில வோல்ட் நேர்மின்னோட்டம் போதும். லித்தியமும் எலெக்ட்ரானும் டங்ஸ்டன் ஆக்சைடுக்குள்ள ஏறினா நீலம், திருப்பினா தெளிவு. பிடிச்சு வைக்க சதுர மீட்டருக்கு 1 வாட்கூட ஆகாது, மாத்துறப்போதான் சில வாட். வேகமா மாறணும்னு வோல்டேஜைக் கூட்டாதீங்க. அடுக்குக்குள்ள பக்க வினை நடந்து, கறை நிரந்தரமா நிக்கும்.

பெரிய பலகம் மெதுவாத்தான் மாறும். முழு அளவுக்கு 10 முதல் 20 நிமிஷம், குளிர்ல இன்னும் மெதுவா. காரணம் கடத்திப் பூச்சோட மின்தடை. சதுரத்துக்கு 10 ஓம்னு வச்சாலும், பஸ்பார்ல இருந்து தள்ளிப் போகப் போக வோல்டேஜ் விழும். அதனால ஓரம் முதல்ல கறுத்து நடு கடைசியா கறுக்கும். உங்க பலகத்துல பஸ்பார் 2.4 மீட்டர் பக்கங்கள்ல இருக்கான்னு வரைபடத்துல பாருங்க. அப்போ மின்னோட்டம் கடக்கிற தூரம் 1.5 மீட்டர்தான். குட்டைப் பக்கத்துல வச்சிருந்தா 2.4 மீட்டர் கடக்கணும், மாத்தச் சொல்லுங்க.

கன்ட்ரோல்ல எல்லாரும் சறுக்குற இடம்: வெயில் வந்த பிறகு கறுக்கச் சொல்றது. கறுத்து முடியறப்போ கால்மணி நேரம் போயிருக்கும், அதுக்குள்ள யாராவது புகார் சொல்லி சுவிட்சைக் கையில எடுத்துருவாங்க. சூரியனோட இடத்தைக் கணக்குப் போட்டு, சுவர்ல வெயில் விழறதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே தொடங்கணும். சென்சாரைக் கூரையில படுக்க வைக்காதீங்க. அதே மேற்குச் சுவர்ல, கண்ணாடி பார்க்குற திசையிலேயே செங்குத்தா வைங்க. தொடக்கத்துக்கு இந்த அளவுகளை வச்சுப் பாருங்க: சதுர மீட்டருக்கு 350 வாட்டுக்கு மேல போனா கறுக்கணும், 200க்குக் கீழ வந்தா தெளியணும், ஒருமுறை மாறினா 20 நிமிஷம் அசையக் கூடாது. ஒரே எண்ணை ரெண்டுக்கும் வச்சா, மேகம் ஓடுற நாள் முழுக்கக் கண்ணாடி மாறிக்கிட்டே இருக்கும்.

எல்லாப் பலகத்தையும் ஒரேயடியா 1 சதவீதத்துக்குக் கொண்டு போனா கூடம் நீலமாயிடும், தாள் வெள்ளையாத் தெரியாது. ஒவ்வொரு பலகத்தையும் மேல் 0.8, கீழ் 1.6 மீட்டர்னு ரெண்டு மண்டலமாக் கேளுங்க. கீழ் முழுக் கறுப்பு, மேல் 20 சதவீதம். கொஞ்சம் வெள்ளை ஒளி கலந்தாலே நிறம் சரியாயிடும்.

வெப்பக்கணக்கு:
ரிலே தம்பி சொன்ன பிரிப்பைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 20 சதவீத நிலையில் எஸ்எச்ஜிசி 0.15 என்று வைத்தால், பலகத்தின் சராசரி விஎல்டி 7.3 சதவீதம், சராசரி எஸ்எச்ஜிசி 0.11. உள்ளே வருவது 2.1 கிலோவாட். முழுக் கறுப்பைவிட 0.4 கிலோவாட்தான் கூடுதல், ஆனால் வெளிச்சம் ஏழு மடங்கு. இது நல்ல பேரம். சில நேரத்தில் மேல் மண்டலம் வழியாகவும் சூரிய வட்டம் கண்ணில் படும். அப்போது மட்டும் மேலேயும் முழுக்கக் கறுக்க விடுங்கள்.

ஆண்டுக் கணக்கு போடும்போது, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் விண்டோ மென்பொருளில் ஒவ்வொரு நிற நிலையையும் தனிக் கண்ணாடியாக உருவாக்கி, எனர்ஜிபிளஸ் என்ற கட்டட ஆற்றல் மென்பொருளில் கட்டுப்பாட்டோடு ஓட்டுங்கள். கண்ணாடி நடுப்பகுதியின் எண்ணை மட்டும் போடாமல் சட்டத்தையும் சேருங்கள். வெப்பத்தடுப்பு இல்லாத அலுமினியச் சட்டம் நல்ல கண்ணாடியின் பலனைத் தின்றுவிடும்.

கோட்டுச்சட்டம்:
மிகவும் தெளிவாக இருக்கிறது. பூச்சு எந்தப் பரப்பில் வர வேண்டும்? கறுத்த கண்ணாடி சூட்டில் வெடிக்கும் என்று கேள்விப்பட்டேன், அது எவ்வளவு உண்மை?

முகப்புக்காரர்:
வெளிப்புறத்திலிருந்து எண்ணினால் பரப்புகள் 1, 2, 3, 4. எலெக்ட்ரோகுரோமிக் அடுக்கு வெளிக் கண்ணாடியின் உள்பக்கம், அதாவது 2இல். உறிஞ்சிய வெப்பம் வெளிக் கண்ணாடியில் தங்கி, காற்று அதை வெளியே கொண்டுபோகும். சாதாரணக் கண்ணாடிப் பரப்பின் உமிழ்திறன் 0.84, வெள்ளிப் பூச்சில் 0.02 முதல் 0.04. வெளிக் கண்ணாடி சூடாக இருக்கும்போது இடைவெளியை நோக்கிய பக்கம் குறைந்த உமிழ்திறன் இருந்தால்தான் அந்தச் சூடு உள்கண்ணாடிக்குக் கதிராகப் பாயாது. அடுக்கின் மேல் உள்ள கடத்திப் பூச்சே ஓரளவு அந்த வேலையைச் செய்யும். இடைவெளி 12 முதல் 16 மி.மீ., ஆர்கான் 90 சதவீதம். அலகைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் முழுப் பலனும் போகும், எனவே ‘வெளிப்பக்கம்’ ஸ்டிக்கரைக் கடைசிப் பரிசோதனை வரை கிழிக்க விடாதீர்கள்.

வெடிப்பு உண்மைதான். வெயில் படும் நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்கும், விளிம்பில் இழுவிசை ஏறும். பதப்படுத்தாத கண்ணாடி 30, 40 டிகிரி வேறுபாட்டிலேயே விரிசல் விடலாம். விளிம்புக்குச் செங்குத்தாகத் தொடங்கும் விரிசல் இதன் அடையாளம். பாதிப் பலகத்தில் நிழல் விழுந்தால் நிலைமை மோசம். மேலும் கீழும் வேறு நிறத்தில் வைக்கும் உங்கள் மண்டலப் பிரிப்பும் அதே வகை. ஆகவே வெளிக் கண்ணாடி குறைந்தது ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் (சூடாக்கிக் குளிர்வித்து வலுவூட்டியது), விளிம்பு அரைத்தது. டெம்பர் செய்தது வேண்டுமென்றால் ஹீட் சோக் சோதனை சேர்த்துக் கேளுங்கள், நிக்கல் சல்பைடு துகளால் தானாக உடையும் அபாயம் குறையும். உள்ளே திரை போட்டால் கண்ணாடிக்கும் திரைக்கும் 50 மி.மீ. இடைவெளி, மேலும் கீழும் காற்றுப் போக வழி.

தளத்தில் வெட்டவோ துளைக்கவோ முடியாது. சட்டம் நின்ற பிறகு ஒவ்வொரு திறப்பையும் மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள். விளிம்புக்கும் சட்டத்துக்கும் சுற்றிலும் 6 மி.மீ. குறையக் கூடாது. செட்டிங் பிளாக் (கண்ணாடி உட்காரும் கட்டை) இரண்டு, அகலத்தின் கால்பங்கு இடங்களில், ஷோர் ஏ கடினம் 85 அளவில்.

ரிலே:
கம்பி வெளியே வர்ற இடம்தான் எல்லாப் பிரச்சினைக்கும் வாசல். உள்பக்க ப்யூட்டைல் சீலை கம்பி அமுக்கக் கூடாது. வெளிப்புற சிலிகான் வழியா மட்டும் வரணும். கனெக்டரைக் கீழ்ச் சட்டத்து பள்ளத்துல விட்டா, ஒழுகி வர்ற மழைத்தண்ணி அங்கதான் நிக்கும், முனை பச்சை பூத்துடும். கம்பியை மேல் பக்கமாவோ பக்கவாட்டிலோ எடுத்து, சின்ன வளைவு விட்டு, கழட்டிப் பார்க்கிற மூடிக்குள்ள வைங்க. வடிகால் துளையைக் கம்பியால அடைச்சுடாதீங்க.

மாட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பலகத்தையும் நிமிர்த்தி வச்சு, சப்ளையரோட கன்ட்ரோலரால முழுக்கக் கறுக்க வச்சுப் பாருங்க. கறுத்த நிலையில வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா, அந்த இடத்துல ரெண்டு கடத்தியும் தொட்டுக்கிட்டிருக்கு. தெளிவா இருக்கிறப்போ அது கண்ணுல படவே படாது. பலக எண், கம்பி எண், கன்ட்ரோலர் முனை எண் மூணையும் ஒரே தாள்ல எழுதி மாட்டணும்.

மென்படலம்:
ஆயுள் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் இ2141 அல்லது ஐஎஸ்ஓ 18543 அறிக்கை கேளுங்கள். சூட்டிலும் செயற்கை வெயிலிலும் வைத்து ஆயிரக்கணக்கான முறை மாற்றிப் பார்க்கும் சோதனை அது. சின்ன மாதிரித் துண்டில் எடுத்த அறிக்கையா, முழு அலகில் எடுத்ததா என்பதைக் கவனியுங்கள். சீலில் வரும் கோளாறு துண்டில் தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் கறுத்த, தெளிந்த ஊடுருவல்கள் நான்கு எண்களும் இருக்க வேண்டும்.

கோட்டுச்சட்டம்:
அப்படியானால் எலெக்ட்ரோகுரோமிக் இரட்டைக் கண்ணாடி, இரு மண்டலம், நீளப் பக்க பஸ்பார், ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் வெளிக் கண்ணாடி என்று விவரக்குறிப்பு எழுதுகிறேன். பணம் ஒதுக்கீடு குறைந்தால்?

வெப்பக்கணக்கு:
எட்டுக்கும் மலிவான எலெக்ட்ரோகுரோமிக் தேடாதீர்கள். வாசிப்பு மேசைகளுக்கு நேரே உள்ள பலகங்களில் மட்டும் அதைப் போட்டு, மற்றவற்றில் மூன்று வெள்ளி லோ-இ, உள்ளே உருளைத் திரை. வெப்பச் சுமை கொஞ்சம்தான் கூடும். உதாரணமாக நான்குக்கு நான்கு என்றால், உச்ச நேரத்தில் 1.0 + 2.5, மொத்தம் 3.5 கிலோவாட் அளவில் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டின் சாயலும் வேறுபடும், அதனால் பக்கத்தில் பக்கத்தில் கலக்காமல் ஒரு தொகுதியாக வையுங்கள்.

முகப்புக்காரர்:
எதை எடுத்தாலும் உதிரிப் பலகம் ஒன்றை அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து இப்போதே வாங்கி, நிமிர்ந்த நிலையில், உலர்ந்த நிழலில் வைத்துவிடுங்கள். சில வருடம் கழித்துப் புதிதாகச் செய்து வரும் கண்ணாடி, பழையதன் பக்கத்தில் வேறு நீலமாகத் தெரியும்.

கோட்டுச்சட்டம்:
உதிரியையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன். பஸ்பார் வரைபடம் வந்ததும் இங்கேயே பதிகிறேன், ரிலே ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.